கோபானோ வீட்டில் இல்லை

லெசோத்தோவின் மலைப்பக்கத்தில் இருக்கிற எங்கள் டிபாக்வெங் ஊரில் அரசாங்க அலுவலகங்கள் பதினான்கு. பதின்மூன்றின் மேல் மக்களுக்குக் குறை உண்டு. பதினான்காவது அலுவலகம் அந்தக் குறைகளைக் கேட்பதற்கென்றே வைத்தது. அதன் மேலும் குறை உண்டு. அதை எங்கே போய்ச் சொல்வது என்று அரசாங்கம் இன்னும் தீர்மானிக்கவில்லை.

அந்தப் பதினான்காவது அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ந்தாத்தே துலோ ரந்திமோ, மாவட்டக் குறைதீர்ப்பாளர். (எங்கள் பக்கம் ஆண்பிள்ளை யாரானாலும் ந்தாத்தே, பெண்பிள்ளை யாரானாலும் ம்மே. அப்பா, அம்மா என்று அர்த்தம். சண்டை போடும்போதும் அந்த மரியாதை குறையாது.) குழாயில் தண்ணீர் இல்லை, ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, பாலத்தில் பாதி இல்லை என்று யார் வந்து சொன்னாலும் துலோ எழுதிக்கொள்வார். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கடிதம் போடுவார். பதினான்கு நாள் பொறுப்பார். பிறகு தானே நேரில் போய்ப் பார்ப்பார். இரண்டு பக்கத்தையும் விசாரிப்பார். கடைசியில் ஒரு பரிந்துரை எழுதுவார். உத்தரவு போட அவருக்கு அதிகாரம் கிடையாது. "தயவுசெய்து" என்ற ஒரு சொல்லை மட்டும் ஆயுதமாகக் கொடுத்து ஒரு மனிதனை அரசாங்கத்துக்கு எதிராக அரசாங்கமே அனுப்பிவைப்பதைப் போன்ற பெருந்தன்மை வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஊரில் நண்பர் என்று ஒருவர் இருக்க முடியாது. அதிகாரிகள் அவரோடு தேநீர் குடிப்பதில்லை. கோப்பையைப் பார்த்து என்ன எழுதிக்கொள்வாரோ என்று பயம். குறை தீராதவர்கள் கோபத்தில் பேசுவதில்லை. குறை தீர்ந்தவர்கள் இன்னும் மோசம். அவரோடு தெருவில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் "மறுபடி யார் மேல புகார்?" என்று நாலு பேர் கேட்பார்கள் என்பதால், தூரத்தில் அவர் தொப்பியைக் கண்டதும் சந்துக்குள் திரும்பிவிடுவார்கள். சந்தையில் மாவு உருண்டை பொரிக்கிற அம்மாள் எல்லோரையும் திட்டிக்கொண்டே விற்பாள். இவரை மட்டும் திட்டமாட்டாள். கால்பந்து மைதானத்தில் இவர் உட்கார்ந்தால் இடப்புறம் மூன்று பேர், வலப்புறம் மூன்று பேர் எழுந்து போவார்கள். அந்த வகையில் ஆட்டம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

மனைவி எட்டு வருடத்துக்கு முன்னால் தலைநகரில் இருக்கிற தங்கை வீட்டுக்கு இரண்டு வாரம் தங்கிவிட்டு வருவதாகப் போனார். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. அவர் சொல்லிவிட்டுப் போன குறை ஒன்றே ஒன்று: "வீட்டிலயும் இவர் ரெண்டு பக்கத்தையும் விசாரிக்கிறார்."

பத்தொன்பது வருடத்தில் உண்மையில்லாத ஒரு வரியைக்கூட துலோ எழுதியதில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் நகல் இயந்திரம் கிடையாது. பக்கத்துக் கடையில் எனக்கு உண்டு. 'ரகசியம்' என்று முத்திரை குத்திய காகிதமும் என் கண்ணாடி மேல் குப்புறப் படுத்தால்தான் இரண்டாகும்.

*

ஒரு பிப்ரவரியில் ஹா மொஸ்வே கிராமத்திலிருந்து ம்மே மாகோபானோ வந்தார். வயது அறுபத்து மூன்று. தோளில் ஊக்கு குத்திய கம்பளிப் போர்வை, காலில் இறந்துபோன கணவரின் ரப்பர் பூட்ஸ். பூட்ஸ் இரண்டு அளவு பெரியது என்பதால் அவர் வருவது வருவதற்கு முன்பே கேட்கும்.

"உக்காருங்க ம்மே. எந்த அலுவலகத்து மேல குறை?"

"குழாய் மேல."

"குழாய் அலுவலகம் இல்ல ம்மே. கௌன்சில் மேலன்னு எழுதிக்கட்டுமா?"

"கௌன்சில நான் பாத்ததே இல்ல ந்தாத்தே. குழாயத்தான் தினம் பாக்குறேன். பூட்டுப் போட்டுத் தொங்குது."

விஷயம் இதுதான். போன வருடம் கௌன்சில் ஹா மொஸ்வேக்கு மேட்டு ஊற்றிலிருந்து குழாய் போட்டது. குழாய் அரசாங்கத்துடையது, பள்ளம் தோண்டுவது ஊருடையது. வீட்டுக்கு ஒரு திடமான ஆள், பதினோரு நாள். தோண்டிய வீட்டுக்குத் தண்ணீர். தோண்டாத வீட்டுக்கு, நியாயமாகவே, தாகம். திடமான ஆளே இல்லாத வீட்டுக்கு விலக்கு. மாகோபானோ வீட்டுக்கு விலக்கு இல்லை. கௌன்சில் பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே 'கோபானோ, மகன், வயது தோராயமாக முப்பது, நல்ல உடல்நிலை' என்று இருந்தது. அந்த நல்ல உடல்நிலைக்காரன் பதினோரு நாளில் ஒரு நாளும் மண்வெட்டியைத் தொடவில்லை. அதனால் அம்மா பழைய ஊற்றுக்குப் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியதாயிற்று.

"பையன் ஏன் வரல ம்மே?"

மாகோபானோ தன் பூட்ஸ் நுனியைப் பார்த்தார். "அதத்தான் அவங்களும் கேட்டு எழுதியிருக்காங்க" என்று மடியிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். தேவாலயத்தில் பாடுகிற புத்தகம். அதன் நடுவில், கசங்காமல், மூன்று நோட்டீஸ்கள். மூன்றிலும் 'திரு. கோபானோ அவர்களுக்கு' என்று தலைப்பு. கௌன்சில் நோட்டீஸைக் கூரை ஓட்டைக்கு வைத்து அடைக்கிறவர்களை துலோ பார்த்திருக்கிறார், அடுப்பு பற்றவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். பாட்டுப் புத்தகத்தில் வைத்தவரை அன்றுதான் பார்த்தார். ஆனால் அதைக் குறித்துக்கொள்ளப் படிவத்தில் இடம் இல்லை.

"எனக்கு வேற ஒன்னும் வேண்டாம் ந்தாத்தே. தண்ணி மட்டும் வேணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

கடிதம் போயிற்று. கௌன்சில் செயலாளர் ந்தாத்தே மொஹாப்பி பதினான்காம் நாள் அலுவலகம் மூடுகிற நேரத்தில் பதில் கொடுத்தனுப்பினார். அதில் ஒரு பகுதியை நகல் எடுக்கும்போதே மனப்பாடம் செய்துவிட்டேன்: "மேற்படி கோபானோவுக்கு மூன்று நோட்டீஸ்கள் சார்வு செய்யப்பட்டும் அவர் தொடர்ந்து மௌனம் சாதித்து வருகிறார். இந்த வயதில் தாயாரைத் தண்ணீர் சுமக்கவிட்டு அவர் இப்படி நடந்துகொள்வது கௌன்சிலுக்கு மிகுந்த வருத்தத்தை அளிக்கிறது."

*

அலுவலக வண்டி மூன்று வருடமாகப் பழுதுபார்க்கும் நிலையில் இருந்ததால் துலோ மினிபஸ்ஸில் பாதி வழியும் வாடகைக் குதிரையில் மீதியும் போய்ச் சேர்ந்தார். விசாரணையை முறைப்படி ஆரம்பித்தார். பூட்டு இருக்கிறதா? இருக்கிறது. மாகோபானோ வீட்டிலிருந்து பழைய ஊற்று எவ்வளவு தூரம்? தானே நடந்து எண்ணினார். இறங்க அறுநூற்று நாற்பது காலடி. ஏற தொள்ளாயிரத்துப் பதினொன்று. ஒரே பாதை எப்படி இரண்டு நீளமாக இருக்க முடியும் என்று மேலிடம் கேட்கும் என்பதால், ஒரு வாளி தண்ணீரோடு மறுபடி நடந்து எண்ணிப் பார்த்து, இரண்டையும் அப்படியே எழுதினார்.

குழாய்ச் சாவி ம்மே மாலினேயோவின் கழுத்தில் தொங்கியது. சாவிக்கு மேலே பெரிய குரல்.

"வாங்க ந்தாத்தே! என் மேலயா புகார்? மாகோபானோ போட்டாளா? போடட்டும், போடட்டும். நான் சாவி மட்டுந்தான், சட்டம் இல்ல."

"உங்க மேல இல்ல ம்மே. கோபானோ தோண்ட வரலைன்னு தண்ணிய நிறுத்தியிருக்கீங்க. அந்தக் கோபானோவ நான் பாக்கணும்."

மாலினேயோ சிரித்த சிரிப்பில் குழாயடியில் நின்ற கழுதை நகர்ந்து நின்றது.

"பாருங்க, பாருங்க! பாத்தா எனக்கும் காட்டுங்க. அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்ல ந்தாத்தே!"

எங்கள் பக்கம் மருமகள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே மாமியார் வீட்டார் அவளுக்குப் புதுப்பெயர் வைத்துவிடுவார்கள், இன்னாருடைய அம்மா என்று. 'மா' என்றால் அம்மா. அந்த இன்னார் பிற்பாடு சாவகாசமாகப் பிறந்து வந்து தன் பெயரை வாங்கிக்கொள்ள வேண்டியது. பெரும்பாலும் வந்துவிடுவார்கள். மாலினேயோவுக்கு லினேயோ வந்தாள், இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். மாகோபானோவுக்குக் கோபானோ வரவில்லை. முப்பத்தொன்பது வருடமாக அவர் வராதவனுடைய அம்மாவாக இருந்துவந்தார்.

"அப்ப பட்டியல்ல எப்படி வந்தான்?"

"ஏழு வருசம் முன்னால வீடு வீடா ஆள் எண்ண வந்தானே ஒரு குமாஸ்தா, குதிரைய விட்டே எறங்காதவன், அவன் எழுதுனது. மாகோபானோன்னு ஒருத்தி இருந்தா கோபானோன்னு ஒருத்தன் இருப்பான்தானே? எழுதிட்டுப் போயிட்டான்."

"உங்களுக்குத்தான் தெரியுமே ம்மே. அப்புறம் ஏன் தண்ணி குடுக்கல?"

"எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். லிஸ்ட்டுக்குத் தெரியாதே! தோண்டுன ஆம்பளைங்க எல்லாம் கை கொப்பளத்தோட நிக்கிறாங்க. 'சோம்பேறி கோபானோ வீட்டுக்கு எதுக்குத் தண்ணி'ங்கிறாங்க. கேலியாத்தான் ஆரம்பிச்சாங்க. இப்ப ரெண்டு பேருக்கு நிஜமாவே அவன் மேல கோவம். நான் யாரும் பாக்காதப்ப அரை வாளி ஊத்துவேன். முழு வாளி ஊத்துனா சாவிய வாங்கிருவாங்க."

"உங்க வீட்ல யார் தோண்டுனது?"

"எங்களுக்கு விலக்கு ந்தாத்தே. வீட்டுக்காரர் எல்லை தாண்டி தங்கச் சுரங்கத்துல. இந்த ஊர்ல நாப்பத்தேழு வீடு. பத்தொம்பது வீட்டு ஆம்பளைங்க அங்கதான். பட்டியல்ல 'வெளியே'ன்னு போட்டிருக்கும், தண்ணி வந்துரும். ஆள்தான் வராது."

துலோவுக்கு மனம் லேசாயிற்று. இவ்வளவு சுலபமான வழக்கு அவருக்கு வருடத்துக்கு ஒன்றுகூட வராது. இல்லாதவனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் தனியாக இருக்கிற முதியவர் என்று விலக்கு தானாக வந்துவிடும். மாகோபானோவின் வட்டவீட்டு வாசலில் உட்கார்ந்து அங்கேயே நான்கு வரியில் பரிந்துரையை எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார்.

மாகோபானோ படித்தார். படித்துவிட்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் களி கிண்டினார்.

துலோ வாசலிலேயே காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மாகோபானோ இரண்டு தட்டில் களியும் கீரையும் வைத்துக் கொண்டுவந்தார். புகார்தாரர் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது விதி. துலோ அதைச் சொன்னார். மாகோபானோ தலையாட்டினார், ஆனால் தட்டை எடுக்கவில்லை. துலோ பையிலிருந்து தான் கொண்டுவந்த இரண்டு அவித்த முட்டையை எடுத்தார். ஒருவர் களியும் ஒருவர் முட்டையுமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விதி எங்கும் மீறப்படவில்லை. எட்டு வருடத்தில் துலோவுக்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து மென்றது அதுதான் முதல் தடவை. அவர் முட்டையை வழக்கத்தைவிட மெதுவாகத் தின்றார்.

"கையெழுத்து போடல ம்மே."

"போட்டா அவன எடுத்துருவாங்க."

"அவர்... இல்லையே ம்மே."

"எனக்குத் தெரியாதா ந்தாத்தே?" மாகோபானோ தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தக் குமாஸ்தா தானா எழுதலைங்க. அவன் மேல தப்பு சொல்லாதீங்க. அன்னைக்குப் பனி கொட்டுது. குதிரை மேல உக்காந்தபடியே 'கோபானோ எங்க?'ன்னு கேட்டான். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசம், ஒருத்தர்கூட என்ன அப்படிக் கேட்டதில்ல. இங்க எல்லாருக்கும் தெரியும், யார் கேப்பா? அவன் வெளியூரு. என் வாயில என்ன வந்துச்சோ, 'ஆடு மேய்க்கப் போயிருக்கான்'னேன். 'வயசு?'ன்னான். 'முப்பது இருக்கும்'னேன். 'உடம்பு?'ன்னான். 'நல்லா இருக்கான்'னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டான். நான் உள்ள போயி அன்னைக்கு ஒரு கை மாவு கூடப் போட்டுக் கிண்டுனேன்."

துலோ பேனாவை மூடினார். மூடிய பேனாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல சோம்பேறின்னு திட்டுறாங்களே ம்மே, அது பரவாயில்லையா?"

"மொதல்ல வலிச்சுது. ஒரு நாள் குழாயடியில சண்டையே போட்டேன், 'எம் புள்ளைய அப்படிச் சொல்லாதீங்க'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. சண்ட போட்டுட்டு வர்றப்ப..." தட்டை நகர்த்தி வைத்தார். "அவன விட்டுட்டு தண்ணிய மட்டும் வாங்கித் தர முடியாதா ந்தாத்தே?"

*

இப்போது துலோவின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். உண்மையை எழுதினால் தண்ணீர் வரும், கோபானோ போய்விடுவான். அதோடு அரசாங்கக் கணக்கெடுப்பில் பொய் சொன்னதாக ஊர்க்கூட்டத்தில் மாகோபானோவை நிற்க வைத்துக் கேட்பார்கள். பொய்யை எழுதினால் பத்தொன்பது வருடம் போய்விடும். எதுவும் எழுதாவிட்டால் ஒரு பெண்பிள்ளை அறுபத்து மூன்று வயதில் தினமும் தொள்ளாயிரத்துப் பதினொரு அடி ஏறிக்கொண்டிருப்பார்.

ஒரு வாரம் அவர் என் கடைப்பக்கம் வரவில்லை. கல்வி அலுவலகத்தில் பார்த்தேன் என்றார் ஒருவர். காவல் நிலையத்தில் பட்டியல் கேட்டுக்கொண்டிருந்தார் என்றார் இன்னொருவர். ரோடு போடுகிறவர்களின் வருகைப் பதிவேட்டை மழையில் நின்று படித்தாராம். எட்டாம் நாள் ஒரு பக்கம் கொண்டுவந்து இரண்டு நகல் கேட்டார். பொய்யாக எழுதியிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். பொய்யில்லாமல் எழுத ஒரு வாரம் பிடித்திருந்தது.

'விசாரணை நாளன்று கோபானோ என்பவர் வீட்டில் இல்லை. ஊர் மேய்ச்சல் நிலத்திலும் இல்லை. இம்மாவட்டத்தில் அரசாங்க, தனியார் வேலை எதிலும் அவர் இல்லை என்பது பதிவேடுகளைப் பார்வையிட்டதில் தெரிகிறது. சிறையிலும் ஆஸ்பத்திரியிலும் இல்லை. பள்ளம் தோண்டிய பதினோரு நாளும் நாட்டின் எல்லைக்குள் அவரைப் பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. ஆகவே அவர் வராததற்காக அவரையோ அவருடைய வீட்டையோ குறைசொல்ல முகாந்திரமில்லை. தண்ணீர் வழங்கும்படி தயவுசெய்து பரிந்துரைக்கப்படுகிறது.'

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எல்லாம் சத்தியம்.

நகல் வெந்து வெளியே வருகிற நேரத்தில் மொஹாப்பியே கடைக்குள் வந்தார். கௌன்சிலிலும் இயந்திரம் கிடையாது. துலோவைப் பார்த்ததும் திரும்பிப் போகத்தான் பார்த்தார், அதற்குள் துலோ அவரைப் பார்த்துவிட்டார். துலோ எழுந்து நின்று இரண்டு கையாலும் காகிதத்தை நீட்டினார்.

மொஹாப்பி கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிப் படித்தார். "வீட்ல இல்ல... மேய்ச்சல்ல இல்ல... வேலையில இல்ல... ஜெயில்லயும் இல்ல..." மெதுவாக அவர் முகம் தெளிந்தது. "நாட்டுக்குள்ளயே இல்ல! அட, எல்லை தாண்டிப் போயிட்டானா! இத ஒரு வரியில சொல்லித் தொலைக்கக் கூடாதா ந்தாத்தே? எனக்கு எதுக்கு ஜெயில், ஆஸ்பத்திரி எல்லாம்?"

"நான் அப்படி எழுதல ந்தாத்தே மொஹாப்பி."

"நீங்க எழுத மாட்டீங்க. உங்களுக்கு நேரா எழுத வராது, ஊருக்கே தெரியும்."

"நான் எழுதுனத மட்டும் வச்சு முடிவு பண்ணுங்க."

"அதத்தானே பண்றேன். எந்தச் சுரங்கம்?"

"தெரியாது."

"அம்மாவுக்காவது தெரியுமா?"

"தெரியாது."

மொஹாப்பி காகிதத்தை மேசை மேல் வைத்தார். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. "என் தம்பியும் இப்படித்தான்" என்றார். குரல் கௌன்சில் குரலாக இல்லை. "ஆறு வருசம். ஒரு போன் கிடையாது. எந்தச் சுரங்கம்னு எங்கம்மா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கா." பிறகு என் மேசை மேலேயே, நகலுக்குக் கொண்டுவந்திருந்த பட்டியலை விரித்து, கோபானோவின் பெயருக்கு எதிரே 'வெளியே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மூணு நோட்டீஸ் விட்டேன் பாவம், அங்க போயிச் சேர்ந்திருக்குமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தான் நகல் எடுக்க வந்ததை மறந்துவிட்டுப் போனார்.

துலோ காசு கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவரும் மறந்தது அதுதான் முதல் தடவை.

*

மே மாதத்தில் புகார்க் கோப்பை மூடுவதற்கு மாகோபானோ வந்தார். பூட்ஸ் சத்தத்தை நான் முதலில் கேட்டேன், துலோ என் கடையில்தான் இருந்தார். கொண்டுவந்த படிவத்தை என் மேசையில் வைத்தே நிரப்பினார்கள்.

"தண்ணி வருதா ம்மே?"

"முழு வாளி. மாலினேயோ தானே ஊத்துறா. 'பையன் சுரங்கத்துலன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லையே'ன்னு கோச்சுக்கிட்டா."

"அவங்களுக்குத்தான் தெரியுமே!"

"லிஸ்ட்டுக்குத் தெரிஞ்சா அவளுக்கும் தெரிஞ்சுதானே ஆகணும்?" மாகோபானோ லேசாகச் சிரித்தார். "குழாயடியில ஒரு கல் இருக்கு ந்தாத்தே. பையன் வெளிய போன பொம்பளைங்க உக்கார்ற கல்லு. எனக்கும் நகந்து இடம் விட்டாங்க. 'உனக்கு ஏதாவது தகவல் வந்துச்சா?'ன்னு கேட்டாங்க. 'இல்ல'ன்னேன். 'எங்களுக்கும் இல்ல'ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் எல்லாரும் வாளி நிறையுறதப் பாத்துக்கிட்டிருந்தோம்."

துலோ படிவத்தைப் படித்தார். "குறை தீர்ந்ததா?"

"தீந்துச்சு."

"நடைமுறையில் திருப்தியா?"

"திருப்தி." கையெழுத்துப் போட்டுவிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. "இனிமே நான் இங்க வரக் கூடாதா?"

"வேற குறை இருந்தா வரலாம் ம்மே."

"வேற இல்லையே."

"இல்லாம இருக்கிறதுதான் நல்லது."

"ஒரு குறையும் இல்லாம சும்மா உங்களப் பாக்க வந்தா?"

துலோ கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அலுவலக விதிகள் முப்பத்தாறையும் மனதுக்குள் புரட்டியிருப்பார்.

"அதுக்குப் படிவம் இல்ல ம்மே" என்றார்.

மாகோபானோ தலையாட்டிவிட்டுப் போனார். பூட்ஸ் சத்தம் மினிபஸ் நிற்கிற இடம்வரை கேட்டது. கோப்பின் மேல் துலோ 'தீர்க்கப்பட்டது' என்று சிவப்பில் எழுதினார். அந்த வருடம் அவர் தீர்த்ததில் அது பதினேழாவது. மற்ற பதினாறு பேரும் அவரைக் கண்டால் சந்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

*

ஜூலையில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், பனி விழுந்தது. கணவாய் இரண்டு நாள் மூடிக்கிடந்து மூன்றாம் நாள் திறந்தபோது ஹா மொஸ்வே பக்கத்து மினிபஸ் ஓட்டுநர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். குறைதீர்ப்பாளர் அலுவலகம் மூடியிருந்ததால் என் கடையில் இருந்த துலோவிடமே கொடுத்தார். அதை மூடியவரும் துலோதான், அங்கே அடுப்பு இல்லை, என் கடையில் இயந்திரச் சூடு உண்டு.

உள்ளே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. சாம்பல் நிறம், கையால் பின்னியது. மேலே ஒரு துண்டுக் காகிதம்: 'கோபானோவுக்கு. விலாசம் தெரியாததால் உங்கள் அலுவலகத்துக்கு.'

புகார்தாரரிடமிருந்து அன்பளிப்பு வந்தால் பதிவேட்டில் எழுதி அன்றே திருப்பி அனுப்ப வேண்டும். துலோ போய்ப் பதிவேட்டை எடுத்துவந்தார். பன்னிரண்டு வருடமாக வெறுமையாக இருந்த பதிவேடு. பேனாவை எடுத்தார், நிறுத்தினார். இது அதிகாரிக்கு வந்த அன்பளிப்பு இல்லையே. மூன்றாவது ஒருவருக்கு வந்தது. நெடுநேரம் சாய்ந்து உட்கார்ந்து யோசித்துவிட்டு எழுதினார்: 'கம்பளிக் காலுறை, ஒரு ஜோடி. உரியவர்: கோபானோ, ஹா மொஸ்வே. உரியவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்வரை அலுவலகப் பாதுகாப்பில்.' என்னை ஒரு நகல் போடச் சொன்னார். போட்டேன்.

ஓட்டுநர் இன்னும் கதவருகே நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேற என்ன?"

"பதில் வாங்கிட்டு வரச் சொன்னாங்க ந்தாத்தே. ம்மே மாகோபானோ அளவு சரியா இருக்கான்னு கேட்டாங்க. பத்தலைன்னா பிரிச்சுப் பின்னுவாங்களாம். கண்ணளவாத்தான் போட்டேன்னாங்க, ஒருத்தர் ஊத்துப் பாதையில எண்ணி எண்ணி நடக்குறப்ப கால் தடத்தப் பாத்து வச்சிருந்தாங்களாம்."

"அளவா?"

"ஆமா. சீக்கிரம் சொல்லுங்க, ஆளுங்க வண்டியில குளிருல உக்காந்திருக்காங்க."

துலோ என்னைப் பார்த்தார். நான் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதையும் நேரில் பார்க்காமல், சரிபார்க்காமல் பதில் சொல்கிற பழக்கம் அந்த மனிதருக்கு இல்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பனியில் நடந்து, தன் அலுவலகக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மூன்றாம் தடவைக்குக் கதவு திறந்தது.

"சரியா இருக்குன்னு சொல்லுங்க" என்றார் துலோ. அப்புறம், வண்டி கிளம்புவதற்குள் கொஞ்சம் உரக்க: "குதிகால்ல ஒரு சுத்து கூட இருக்கு. ஆனா பரவாயில்ல. பிரிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

வண்டி கணவாய்ப் பக்கம் திரும்பி மறையும்வரை படியில் நின்றார். பிறகு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முழுக்கக் குறை சொல்ல யாரும் வரவில்லை.